சின்ன மொழி செத்தால் என்ன என்போருக்கு

"ஐம்பது பேர் பேசுகிற மொழி இருந்தால் என்ன, போனால் என்ன?" இந்தக் கேள்வியை இந்த மாதத்தில் மட்டும் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இருவரும் படித்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள், என் வயதை ஒட்டியவர்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "எல்லோரும் ஒரே மொழி பேசினால் உலகத்தில் சண்டையே வராதே" என்றார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கெல்லாம் எந்த மொழிபெயர்ப்பாளரை வைத்து நடக்கிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வாய்ப்பேச்சில் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பேச்சு எழுந்தது காப்புன் என்ற ஊரைப் பற்றி. பாப்புவா நியூ கினி நாட்டில், செபிக் ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கு அருகில், சதுப்பு நிலமும் மழைக்காடும் சூழ்ந்த சின்னஞ்சிறு கிராமம். சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது. படகில் கொஞ்சம், சேற்றில் நடந்து கொஞ்சம் என்றுதான் போய்ச் சேர வேண்டும். சேகோ மாவுதான் அன்றாடச் சாப்பாடு. நம்மூர் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. அவர்களுடையது அசல்: சேகோ மரத்தை வெட்டிச் சாய்த்து, உள்ளே இருக்கும் சோற்றை இடித்து, தண்ணீரில் கரைத்து, வடித்து எடுப்பது.

அந்த ஊர்க்காரர்களின் மொழிக்குப் பெயர் தாயாப். (பெயரில் தாய் இருப்பது தற்செயல். இதை வைத்துக்கொண்டு யாரும் குமரிக்கண்டக் கதை எழுதக் கிளம்ப வேண்டாம்.) அந்த ஓர் ஊரைத் தவிர வேறெங்கும் அது தாய்மொழி இல்லை. சுற்றுவட்டார மொழிகள் எதனோடும் அதற்கு உறவு காட்ட முடியவில்லை. மாமன் மச்சான் இல்லாத ஒற்றை மொழி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தில் அந்த ஊர்க் குன்று ஒரு தீவாக இருந்திருக்கும் என்றும், அதனால்தான் மொழியும் தனியாக நின்றுவிட்டது என்றும் ஓர் ஊகம் உண்டு.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது டான் குலிக் என்ற மானிடவியல் பேராசிரியர் எழுதிய 'எ டெத் இன் தி ரெயின்ஃபாரஸ்ட்' என்ற புத்தகத்தால். 2019இல் வந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். என் ஆங்கிலம் அலுவலகக் கோப்புகளில் கற்ற ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். குலிக் 1980களின் நடுவில் அங்கே போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவர். அதற்குப் பின் முப்பது ஆண்டுகளில் பலமுறை திரும்பிப் போயிருக்கிறார். முதல் தடவை அவரைப் பார்த்த ஊர்க்காரர்கள் செத்துப்போன யாரோ வெள்ளைத் தோலோடு திரும்பி வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவர் முதலில் போனபோது காப்புனில் மொத்த ஜனத்தொகை நூற்றுச் சொச்சம். பெரியவர்கள் எல்லோரும் தாயாப் பேசினார்கள். ஆனால் பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைகூட அதைப் பேசவில்லை. முப்பது ஆண்டு கழித்து ஊரில் சுமார் 200 பேர். தாயாப் பேசுகிறவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

ஜனம் இரட்டிப்பாகியிருக்கிறது, மொழி பாதியாகியிருக்கிறது. "சின்ன மொழி, அதனால் செத்தது" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வார்கள்? ஆளில்லாமல் மொழி சாகவில்லை. அந்த ஊருக்கு அதன் சரித்திரத்தில் இத்தனை ஆள் எப்போதாவது இருந்ததா என்பதே சந்தேகம்.

நமக்கு எண்ணிக்கை என்றால் ஒரு மயக்கம். எட்டுக் கோடி, பத்துக் கோடி என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு மார்தட்டல். அரசாங்கத்துக்கும் அப்படித்தான். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1971 தொடங்கி 10,000 பேருக்குக் குறைவாகப் பேசப்படும் மொழிகளைத் தனித்தனியே பட்டியலிட்டு வெளியிடுவதில்லை. எல்லாம் 'பிற' என்ற ஒரே கலத்தில் போய் விழும். குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தெரியும், 'பிற' என்ற கலத்தில் விழுந்ததை அப்புறம் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் பாப்புவா நியூ கினியில் ஒரு மொழி சின்னதாக இருப்பது நோயின் அறிகுறியே இல்லை. அந்த ஒரு நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். பல மொழிகளைச் சில நூறு பேர்தான் பேசுகிறார்கள். நேற்று இன்று அல்ல, தலைமுறை தலைமுறையாக. பக்கத்து ஊரிலிருந்து தான் வேறு என்று காட்டிக்கொள்ள மொழிதான் அவர்களுக்கு அடையாளம். செலெபெட் என்ற மொழி பேசும் ஊர்களில் ஒன்று இப்படிச் செய்ததாகப் பதிவு இருக்கிறது: ஊர் கூடிப் பேசி, மற்ற ஊர்களைப் போல நாம் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, 'இல்லை' என்பதற்கு அதுவரை சொல்லிவந்த சொல்லை விட்டுவிட்டு, அன்று முதல் வேறொரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நினைத்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. சிறியதாக இருப்பதை வெட்கமாக நினைக்காமல் வேண்டுமென்றே செய்துகொண்ட ஜனங்கள் அவர்கள்.

அப்படியானால் தாயாப்புக்கு என்ன வந்தது?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு மொழிக் கொலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அரசாங்க ஆணைதான். 1794இல், புரட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், அபே கிரெகுவார் என்ற பாதிரியார் பாரீசில் சபைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பிரான்சின் வட்டார மொழிகளை ஒழித்துக்கட்ட வேண்டிய அவசியம் என்ன, அதற்கு வழி என்ன என்பதுதான் அறிக்கையின் தலைப்பே. ஒளிவு மறைவு இல்லை. பின்னாளில் பிரெத்தாஞ் பகுதிப் பள்ளிகளில், தாய்மொழியான பிரெத்தோனில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை போல ஏதாவது ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசி மாட்டுகிறவனிடம் அதைத் தள்ளிவிடலாம். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. எங்களுக்குச் செய்ன், லுவார், கரோன், ரோன் என்று ஆறுகளை மனப்பாடம் செய்ய வைத்த பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

காப்புனில் இப்படி எதுவுமே நடக்கவில்லை. தாயாப்பை யாரும் தடை செய்யவில்லை. அதைப் பேசியதற்காக ஒரு பிள்ளையும் அடி வாங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பு சாவது 'மூடுக' என்ற உத்தரவால் இல்லை, ஐயா. அதை யாரும் மேலே வைக்காமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். தாயாப்பும் அப்படித்தான் கட்டின் அடிக்குப் போனது.

ஆரம்பம் முதல் உலகப் போர்க் காலம். ஆள் பிடிக்க வந்தவர்களோடு காப்புன் ஆண்கள் இருவர் ரபாவுல் பக்கத்துத் தென்னந்தோட்டத்து வேலைக்குப் போனார்கள். சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது இரும்புக் கத்தியும் துணியும் கொண்டுவந்தார்கள், கூடவே ஒரு மொழியும் கொண்டுவந்தார்கள். அதுதான் டோக் பிசின். தோட்டங்களில் பல ஊர்க்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள, ஆங்கிலச் சொற்களை எடுத்து வளர்ந்த மொழி. முதலில் அதை வெள்ளைக்காரன் மொழி என்றே நினைத்தார்களாம். அடுத்த போருக்குப் பிறகு இளைஞர்கள் கூட்டமாகத் தோட்ட வேலைக்குப் போய் வந்தார்கள். கிறிஸ்தவமும் அதே மொழியில்தான் வந்தது. வெளியே போய் வந்தவன் என்பதற்கு டோக் பிசின் அத்தாட்சி ஆயிற்று.

டோக் பிசினை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கு அது அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அதில் பாராளுமன்றப் பேச்சு நடக்கிறது, பத்திரிகை வருகிறது. தோட்டக் கூலிகள் வளர்த்த மொழி இவ்வளவு தூரம் வந்திருப்பது பாராட்ட வேண்டிய விஷயம். ஒன்று வந்தால் மற்றொன்று ஏன் வெளியே போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் காப்புன்காரர்கள் பன்மொழிக்காரர்கள். அவர்கள் மொழியைக் கற்க வெளியார் யாரும் மெனக்கெடவில்லை. அதனால் இவர்கள் அக்கம்பக்கத்து மொழிகளைக் கற்றுக்கொண்டார்கள். பழைய தலைமுறையில் தாயாப்போடு இன்னும் இரண்டு மூன்று மொழி தெரிந்திருப்பது சர்வ சாதாரணம். டோக் பிசின் வந்த பிறகு அந்தப் பழக்கமும் போயிற்று. நான்கு மொழி தெரிந்த தாத்தாவுக்கு ஒரு மொழி தெரிந்த பேரன். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

ஏன் போயிற்று என்பதற்குக் குலிக் தரும் விளக்கம்தான் புத்தகத்திலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. அந்த ஊரார் எண்ணப்படி மனிதனுக்குள் இரண்டு குணம் உண்டு. ஒன்றை 'ஹெட்' என்கிறார்கள். வீம்பு, முரட்டுப் பிடிவாதம், எனக்கு எவன் சொல்வது என்கிற குணம். மற்றது 'சாவே'. புத்தி, பக்குவம், நாலு பேரோடு ஒத்துப் போகிற குணம். பிறக்கும்போது பிள்ளை முழு வீம்போடு பிறக்கிறது, வளர வளரப் புத்தி வர வேண்டும். இதுவரை நமக்கும் சம்மதம்தான். ஆனால் காலப்போக்கில் வீம்பு தாயாப்போடும், புத்தி டோக் பிசினோடும் ஒட்டிக்கொண்டது. தாயாப் என்றால் பழசு, காட்டுத்தனம், வாசலில் நின்று பெண்கள் மணிக்கணக்காகத் திட்டித் தீர்க்கும் சண்டை. டோக் பிசின் என்றால் ஆண்கள், கோயில், கூட்டத்தில் பக்குவமாகப் பேசுவது.

அதன் பலன் எங்கே தெரிகிறது என்றால், பிள்ளையின் முதல் வார்த்தையில். கைக்குழந்தை எழுப்பும் முதல் சத்தத்தை 'ஓக்கி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாயாப்பில் 'நான் போகிறேன்' என்பது போன்ற பொருள். நம் வீட்டில் பிள்ளை 'அம்மா' என்றது, 'அத்தை' என்றது என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவோம். அங்கே பிள்ளை வாய் திறந்ததுமே 'போறேன் போ' என்கிறதாம். வீம்பு பிடித்த ஜீவன் வீம்பு மொழியில் பேசுகிறது. அதற்குப் புத்தி வர வேண்டும் என்றால் புத்தி மொழியில்தானே பேச வேண்டும்? ஆகவே தாய் பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தைத் தாயாப்பில் சொன்னாலும், உடனே அதையே டோக் பிசினில் திருப்பிச் சொல்கிறாள். எப்படியும் இரண்டாவதாக வரப் போகிறது என்று தெரிந்த பிள்ளை முதலாவதைக் கற்க ஏன் சிரமப்படும்?

எந்தத் தாயும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. கேட்டால், "நாங்கள் என்ன செய்வது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாயாப் வேண்டாமாம், வீம்பு" என்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை மேல் பழி!

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் போன பிறகும் நான் பிரெஞ்சில்தான் படித்தேன், கணக்கை அந்த மொழியில்தான் போட்டேன், இன்றைக்கும் மனத்துக்குள் கூட்டல் கழித்தல் அந்த மொழியில்தான் ஓடுகிறது. ஆனால் என் அம்மா எனக்குச் சோறு ஊட்டியபோது பிரெஞ்சில் ஊட்டவில்லை. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் மடியில் கிடக்கிற பிள்ளையிடம் அந்த மொழியில் பேசுவது என்பது அவர் நினைப்பில் வந்திருக்காது. தமிழைக் கோடிப் பேர் பேசுகிறார்கள் என்ற கணக்கும் அவருக்குத் தெரியாது. காப்புனில் ஆயிரக்கணக்கான ஆண்டு தாயாப் பேசிய தாய்மார்களும் எண்ணிப் பார்த்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தால் செய்ய முடியாததை அடுப்படி செய்துவிடும். இரண்டு பக்கமும் செய்யும்.

இங்கே என் எதிர்க்கட்சி நண்பர் கை தூக்குவார்: "அவர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், உமக்கு என்ன கவலை? அவர்கள் இஷ்டம்!"

இஷ்டம்தானா என்று பார்ப்போம். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கினார்கள் என்றால், வாங்கிய சாமான் எங்கே? காப்புன்காரர்கள் டோக் பிசினுக்கு மாறியது சொகுசுக்காக இல்லை. இந்த மொழி, இந்த வேதம், இந்தப் பள்ளிக்கூடம், இதெல்லாம் வந்தால் சாலை வரும், காசு வரும், இரும்புக் கூரை வரும், வெள்ளைக்காரர்கள் வாழ்கிற வாழ்வு வரும் என்று நம்பினார்கள். வனிலா போட்டார்கள், விலை உச்சத்துக்குப் போய்த் தலைகுப்புற விழுந்தது. கொக்கோ போட்டார்கள், காயைத் துளைக்கும் பூச்சி வந்து தின்றது. பூச்சி தின்னாததையும் சதுப்பைக் கடந்து சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. குலிக்கிடம் அந்த ஊரார் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: அந்த வாழ்வுக்குப் போகும் வழி எது, நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? அவரிடம் என்ன பதில் இருக்கும்?

முன்பணம் கட்டியாகிவிட்டது. சரக்கு வரவில்லை. முன்பணமாகக் கட்டியது மொழி. இதை 'இஷ்டப்பட்டுக் கொடுத்தார்கள்' என்று எழுதி முடிக்க எனக்குக் கை வராது.

பள்ளிக்கூட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எழுதினால் எரிச்சல்தான் வருகிறது. 1990களில் அந்த நாட்டு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. முதல் மூன்று வகுப்பை அந்தந்த ஊரார் விரும்பும் மொழியில் நடத்தலாம் என்றது. நூற்றுக்கணக்கான மொழிகளில் வகுப்பு தொடங்கியது. உலகத்தில் வேறெந்த நாடும் அத்தனை மொழியில் பள்ளி நடத்தியதில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை, புத்தகம் போதவில்லை. 2013 வாக்கில், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்ற குறையைச் சொல்லி முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு திட்டத்துக்குப் பணமும் ஆளும் தராமல் வைத்திருந்து, பிறகு பயனில்லை என்று குறிப்பு எழுதி முடிப்பதை நாற்பது வருடம் பார்த்தவன் நான். பாப்புவாவில் மட்டும் நடப்பதில்லை அது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சாகட்டும் என்று சொல்வதில்லை. "ஐயோ பாவம்" என்று சொல்லி, "பதிவு செய்துவிட்டார்களா?" என்று மட்டும் விசாரிப்பார்கள். பதிவு செய்தாகிவிட்டது. குலிக்கும் ஆஞ்சலா டெரில் என்ற மொழியியலாரும் சேர்ந்து 2019இல் தாயாப்புக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய உழைப்பு. 'அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போக அவள் நினைக்கிறாள்' என்ற முழுச் செய்தியையும் ஒரே வினைச்சொல்லில் அடக்கும் மொழி அது. பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதில் உருவத்துக்கும் பங்கு உண்டு. நீளமாக ஒல்லியாக இருந்தால் ஆண்பால் பக்கம் சாயும், குட்டையாகப் பருத்திருந்தால் பெண்பால் பக்கம். ஒரு மேசை ஏன் பெண்பால் என்று ஆறு வயதில் கேட்டு ஒழுங்கான பதில் கிடைக்காத எனக்கு, இதில் ஒரு நியாயமாவது தெரிகிறது. 1937இல் கியோர்க் ஹோல்ட்கர் என்ற ஜெர்மன் பாதிரியார் அந்த ஊரில் சில மணி நேரம் மட்டும் தங்கி ஒரு சொற்பட்டியல் எடுத்தார். இவ்வளவு சிறிய ஊரைத் தேடி இன்னொரு ஆராய்ச்சியாளர் சீக்கிரம் வரமாட்டார் என்ற பொருளில் எழுதியும் வைத்தார். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் இன்றைய அகராதி மலை. ஆனாலும் அகராதியில் இருப்பது மொழியின் கணக்குப் புத்தகம். சவரன் பெட்டியில் இல்லாமல் கணக்கை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிற வீட்டைப் பார்த்து யாராவது 'தப்பித்தது' என்பார்களா?

கடைசியாக ஒன்று. இது நம் வயதுக்காரர்களுக்கு.

2009 வாக்கில் குலிக் மறுபடியும் அங்கே நீண்ட நாள் தங்கியபோது, பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, தாயாப்பில் ஒரு கதை சொல் பார்க்கலாம் என்றார். இவர்கள் ஒருவருக்கொருவர் தாயாப் பேசிக்கொள்வதே இல்லை. இவர்களுக்குத் தெரியாது என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பலர் சொன்னார்கள். சிலர் நன்றாகவே சொன்னார்கள். காதில் விழுந்ததெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துதான் இருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? திறந்தால் கிழவர்கள் சிரிப்பார்கள். வினைச்சொல்லில் ஒரு முடிச்சு தவறினால் போதும், கேலிதான். இவர்களால்தான் மொழி கெட்டது என்று வசை வேறு. கிழவர்களுக்குள்ளேயே எது சரியான சொல் என்று ஒற்றுமை கிடையாது. தன்னைத் தவிர மற்றவனுக்குத் தாயாப் தெரியாது என்பதுதான் ஒவ்வொருவர் கட்சியும்.

லியோனிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ விடுமுறைக்கு வந்த பேத்தி "தாத்தா சாப்பிட்டது" என்றால் கூடம் முழுக்கச் சிரிக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாளிலிருந்து அது வேறு மொழியில்தான் பதில் சொல்லும்.

குலிக்குக்குக் கதை சொன்ன அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். பலருக்குக் கைக்குழந்தை இருக்கும்.